கவுதாரியின் விலா

வேட்டைநாய்ப் போட்டியின் நடுவர் செத்த கவுதாரியின் நெஞ்சை விரல்களால் அழுத்திப் பார்த்தார்.

மறுபடியும் அழுத்தினார். பிறகு இரண்டாவது நடுவரைக் கூப்பிட்டார்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

அவள் காலடியில் கச்சான் உட்கார்ந்திருந்தது. பதினான்கு மாத ஸ்பானியல் நாய். வாயோரத்தில் சின்ன இறகு ஒன்று ஒட்டியிருந்தது. பாராட்டுக்காக வால் நிலத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

“விலா நொறுங்கியிருக்கிறது,” என்றார் நடுவர். “கடிக்கிற வாய்.”

அவ்வளவுதான்.

சொல் கேளாமல் ஓடித் தோற்கலாம். குரைத்துத் தோற்கலாம். அடுத்த சனிக்கிழமை வேறு வயலுக்குப் போகலாம். சுட்ட பறவையைக் கடித்து நசுக்கும் நாய் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அந்த நாய்க்கு அதோடு போட்டி முடிந்தது. அதன் குட்டியைக்கூட ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பொய். சுத்தப் பொய்.

ரத்தம் தலைக்கேறியது. குசினியிலிருந்து கோழிமுட்டையைக் கவ்விக்கொண்டு வந்து, ஒரு கீறல் இல்லாமல் அவள் கையில் வைக்கிற நாய் அது. ஆறு மாதம் முட்டைதான் பயிற்சி. வீட்டில் முட்டைப்பொரியல் என்றாலே எல்லோரும் எழுந்து ஓடுகிற நிலைமை.

இன்றைக்கு மட்டும் என்ன குறை? புதருக்குள் மூக்கை நுழைத்துக் கவுதாரியைக் கிளப்பியது. வெடிச் சத்தத்துக்கு அசையாமல் குந்தியிருந்தது. அவள் பெயர் சொல்லி அனுப்பிய பிறகுதான் போனது. குளிர்ந்த வாய்க்காலை நீந்திக் கடந்து, பறவையை நேராக அவள் கைக்குக் கொண்டுவந்தது.

இதற்கு மேல் ஒரு நாய் என்னதான் செய்ய வேண்டும்?

பார்வையாளர் கயிற்றுக்கு அப்பால் நின்ற கணவனுக்கும் பொறுக்கவில்லை. இங்கிலாந்தின் அந்த நோர்ஃபோக் வயலில் யாருக்கும் புரியாத தமிழில் கத்தினான்.

“இவங்கள் வேணுமெண்டு செய்யிறாங்கள். எங்கட முகத்தைக் கண்டாலே இவங்களுக்குப் பிடிக்காது. நீர் வாரும், போவம்.”

ஓம், என்றது அவள் மனம். அதேதான். ஒரு வருடமாக இந்த வயல்களில் அவள் பார்க்காத முகச்சுளிப்பா?

அதிலும் அந்தப் பச்சைத் தொப்பிக்காரர். போன மாதம் அவர் கச்சானின் வாலைச் சப்பாத்துக் காலால் மிதித்தார். மன்னிப்பும் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவருடைய வாயில் அவள் கோபக்காரிதான். இப்போதும் வரிசையில் தன் நாயோடு நின்று, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் கவுதாரியை அவளிடம் நீட்டினார்.

“நீங்களும் தொட்டுப் பாருங்கள். அதுதான் விதி.”

பறிக்காத குறையாக வாங்கினாள். விலாவில் ஒன்றும் இல்லை என்று அவர்கள் முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல வேண்டும். நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்.

ஈர இறகுகளுக்கு அடியில் விரலை வைத்தாள்.

ஒரு பக்கம் குழிந்திருந்தது. உண்மைதான்.

அந்தக் குழிக்குள் அவளுடைய பெருவிரல் சரியாக உட்கார்ந்தது.

மற்றப் பக்கத்தில் நான்கு விரல்களும் தம் இடத்தைத் தாமே கண்டுகொண்டன.

அவள் தன் கையைப் பார்த்தாள்.

கச்சான் பறவையை நீட்டிய நேரம். குனிந்து அவள் அதை வாங்கிய நேரம். முதுகுக்குப் பின்னால் பச்சைத் தொப்பிக்காரரின் குரல், அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்ன குரல்:

“கோபக்காரிக்கு நாய் எதற்கு? பூனை வளர்க்கலாமே.”

யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. பறவையைக் கையில் பிடித்தபடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றாள்.

பல்லை மட்டும்தான் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள்.

“ஏதாவது சொல்ல இருக்கிறதா?” நடுவரின் பென்சில் தாளின்மேல் காத்திருந்தது.

சொல்லாமல் போகலாம். கணவன் காரில் வீடுவரைக்கும் இவர்களைத் திட்டிக்கொண்டு வருவான். சொந்தக்காரர்கள் எல்லோரும் அவள் பக்கம் நிற்பார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வராது. சொன்னாலோ, அந்தப் பச்சைத் தொப்பிக்காரர் இந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோவார். வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னது சரி என்றாகிவிடும். அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

கச்சான் இன்னமும் வாலால் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

“நீர் வாரும் எண்டுறன்!” கணவன் கத்தினான்.

கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் கோபத்தோடேயே அவள் நடந்தாள். கணவனிடம் போகவில்லை. வரிசையைத் தாண்டிப் பச்சைத் தொப்பிக்காரரின் முன்னால் போய் நின்றாள். நடுவர்கள் இருவரும் அவள் பின்னாலேயே வந்தார்கள்.

“வடிவாகப் பாருங்கள்,” என்றாள்.

கவுதாரியை அவர் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இறகை விலக்கினாள். பெருவிரலை அந்தக் குழிக்குள் வைத்தாள்.