மிதக்கும் முட்டை

கோழி ஒன்று அறிவியல் டீச்சராக இருந்தது. ஒருநாள் மணி அடிக்கப் போகிறது, பாடம் தயாரில்லை. கணக்கு வாத்தியாரான வாத்து தன் ஏஐ கருவியைக் கொடுத்தது.

"கேட்டா பாடம் போட்டுத் தரும், டீச்சர். ஆனா அது கேக்கறதுக்கும் பதில் சொல்லுங்க."

"மிதப்பதும் மூழ்குவதும்" என்று தட்டியது கோழி.

"மாணவர்கள் யார்?" என்றது கருவி.

"யாரா இருந்தா உனக்கென்ன? பாடத்தைக் கொடு!"

வந்த பாடத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடி, குஞ்சுகள் முன்னால் கணீரென்று வாசித்தது.

"ஆளுக்கொரு முட்டை கொண்டு வரவும். உப்புத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பிறகு அதை உடைத்து, உள்ளே..."

குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டன.

"யாரை உடைக்கணும், டீச்சர்?" என்றது முன்வரிசைக் குஞ்சு.

கோழிக்குக் கொண்டை தொங்கிப்போயிற்று. மெல்ல வகுப்பை விட்டு வெளியே வந்தது. வாத்தின் கண்ணில் படாமல் சுவரோரமாக நடந்து கருவியிடம் போய் உட்கார்ந்தது. பழைய கேள்வி இன்னும் திரையில் இருந்தது: மாணவர்கள் யார்?

தலையைத் தூக்காமலே தட்டியது கோழி.

"என் குஞ்சுகள்."