வியாழக்கிழமை வகுப்பு

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொய்யைக்கூடப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் சொல்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி பெரியவர் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். எதிரே, ஆஸ்பத்திரி வாசலில், ஓர் ஆள் அவருடைய மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிடித்தவன் விடவில்லை. அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அவள் அவன்மேல் சாய்ந்தாற்போல் சரிவுப் பாதையில் ஏறி உள்ளே போனாள்.

"மாட்டுனியா!" என்றார் பெரியவர், கம்பத்திடம்.

லாரி ஓட்டி ஓய்ந்தவர் அவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வழியில் வரும் போர்டுகளை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். பின்னால் வருகிறவன் முந்துவானா மாட்டானா என்பதைக் கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவார். பெற்ற மகளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

மகள் வேறோர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். மனைவி போன பிறகு வீட்டில் அவரும் அவளும்தான். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், "வேலை பாத்துக்கிட்டே மேல்படிப்பு படிக்கப் போறேன்ப்பா. ரெண்டு வருஷம்" என்றாள்.

"அதான் நர்ஸ் ஆயிட்டியே! ஊசி போட ஒரு பட்டம், பஞ்சு வைக்க ஒரு பட்டமா?"

"படிச்சா காலேஜ்ல பாடமே எடுக்கலாம்ப்பா" என்று சிரித்தாள்.

அவர் நம்பவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் இப்படித்தான் மேல்படிப்பு என்று கிளம்பி, கூடப் படித்தவனைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். அவளுடைய அப்பா இன்றைக்கும் ஒற்றை ஆளாகக் கதவைத் திறந்து, ஒற்றை ஆளாகச் சாத்திக்கொள்கிறார்.

மகளும் அதே ரோட்டில்தான் போகிறாள். முதல் இரண்டு வாரம் சனி, ஞாயிறு போனாள். அப்புறம் திடீரென்று, இனி மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை இந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்றாள். வாங்கி வந்த தடிப் புத்தகத்தையும் வீட்டில் காணோம். போய்வந்தால் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். கேட்டால் படித்த களைப்பாம்.

என்னை விட்டுவிட்டுப் போவதென்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். அதைக் கேட்கத்தான் இன்றைக்கு அவள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்த பஸ்ஸில் ஏறி வந்தார்.

அவர்கள் ஏறிய லிஃப்ட் நின்ற மூன்றாவது மாடிக்கு அவரும் படியேறினார். அங்கே மேஜைக்குப் பின்னால் இளம் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். நோயாளிகளின் தாள்களுக்கு அடியில் ஒரு புத்தகம் ஒளிந்திருந்தது.

"ஏம்மா, மேல்படிப்பு படிக்கிற நர்ஸுங்க எங்க இருக்காங்க?"

"ஒண்ணு உங்க முன்னாடியே உக்காந்திருக்கே, ஐயா!"

"வியாழக்கிழமை கிளாஸ் எந்த ரூம்ல?"

"வியாழக்கிழமையா? வேலை பாக்குறவங்களுக்கு யாரு ஐயா வேலை நாள்ல கிளாஸ் வைப்பாங்க? எங்களுக்கு சனி, ஞாயிறுதான்."

பெரியவர் மேஜையைத் தட்டினார். "அப்போ ஆறு மாசமா எனக்குக் காதுல பூ சுத்தியிருக்கா!" மகளின் பெயரைச் சொன்னார். "எவனோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தானே, அவன் எங்க?"

நர்ஸின் சிரிப்பு நின்றது. புத்தகத்தை மெல்ல மூடினாள். அவருக்குத் தெரிந்த அதே தடிப் புத்தகம்.

"நீங்க அக்காவோட அப்பாவா? நாங்க ஒண்ணாத்தான் சேர்ந்தோம்ப்பா. ரெண்டாவது வாரத்தோட அவங்க நின்னுட்டாங்க. 'எனக்கு இனி வேணாம், நீ படி'ன்னு இதைக் குடுத்தாங்க."

"நின்னுட்டாளா? பின்ன இங்க எதுக்கு வர்றா? அவன் யாரு?"

"எங்க வார்டு அட்டெண்டர்ப்பா. இங்க வர்றவங்க எல்லாரையும் கைத்தாங்கலா கூட்டிட்டு வர்றது அவர்தான்." எழுந்து வந்து, அதே மாதிரி அவர் கையையும் பிடித்துக்கொண்டாள். "மத்ததை நான் சொல்லக்கூடாது. அக்காகிட்டயே கேளுங்க."

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். மேலே போர்டு. பெரியவர் வழக்கம்போல் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார். "புற்... று..." அதற்குமேல் கூட்டவில்லை.

உள்ளே வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஜன்னலோரத்தில் மகள். கைநரம்பில் குழாய், தலைக்குமேல் மருந்துப் பை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, பழக்கதோஷத்தில், தனக்கு இறங்கும் சொட்டுகளைத் தானே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரத்துக்கு ஒரு தடவை அந்த நாற்காலியில வந்து உக்கார்றவங்க யாரும் படிக்க வர்றதில்லப்பா" என்றாள் நர்ஸ். "உள்ள வாங்க."

அவர் தன் கையை உருவிக்கொண்டார். மகள் திரும்பிப் பார்ப்பதற்குள் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

"அப்பா, நில்லுங்க!" என்று நர்ஸ் பின்னால் ஓடிவந்தாள்.

அவர் நிற்கவில்லை.

"பொய் சொல்லாத. எம்பொண்ணு படிக்கத்தான் வந்திருக்கா."