தட்டையான பக்கம்

அப்பா அந்தக் கண்ணாடித் தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இறக்கவே இல்லை.

மருத்துவமனை லேபில் கிருமி வளர்த்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தம்பி மேல் மாடியில் இருக்கிறான். முழங்கால் பந்து மாதிரி வீங்கி, காய்ச்சலில் உளறுகிறான்.

தட்டில் இருந்தது அவன் காலில் எடுத்த சீழ்.

அதன்மேல் மருந்து தோய்த்த காகித வில்லைகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று இதுவரை அவனுக்கு ஏற்றிவந்த மருந்து. அது வேலை செய்தால் சுற்றிலும் கிருமி செத்துத் தெளிவாக ஒரு வட்டம் விழும்.

விழுந்திருந்தது. ஆனால் அடுத்த வில்லையைப் பார்த்த பக்கம் மட்டும் சீவிவிட்டது போலத் தட்டையாக இருந்தது.

"பக்கத்து மருந்தோட வாடை பட்டதும், இந்த மருந்தை எதிர்க்க மூடி வெச்சிருந்த ஜீனைக் கிருமி திறந்துடுச்சு" என்றார் அப்பா. "உன்னை மாதிரிதான். பரீட்சை வந்தாத்தான் புத்தகத்தைத் தொடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சும்மா இருக்கும்போது அந்த ஜீனைத் திறந்து வைப்பது கிருமிக்கு வீண் செலவாம். ஆபத்து வந்தால்தான் திறக்குமாம். ஆனால் மருந்தோடு நாள்கணக்கில் கிடந்தால், திறந்தபடியே விட்டுவிட்டவை மட்டும் பிழைத்துப் பெருகுமாம். அப்புறம் அந்த மருந்தும் தண்ணீரும் ஒன்றுதான்.

அதனால்தான் இந்த இரண்டு வில்லைகளையும் எப்போதும் அருகருகே வைப்பார்கள். தள்ளி வைத்தால் கிருமி சாதுவாகத் தெரியும்.

முதல் தடவை சோதித்தபோது வில்லைகள் தள்ளித்தான் இருந்தன. 'இந்த மருந்து கேட்கும்' என்று முடிவு மேலே போனது. அதை நம்பித்தான் தம்பிக்கு ஏற்றினார்கள்.

யார் வைத்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாந்தாம்மா. நம்ம பிள்ளையாச்சே, ஒரு மருந்து விடாம பார்த்துடலாம்னு எல்லாத்தையும் ஒரே தட்டுல அடுக்கினேன். இது ரெண்டும் ஆளுக்கொரு மூலைக்குப் போயிடுச்சு."

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சரியாக வைத்த கை.

மருந்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் கிருமி எலும்பில் இறங்கிவிட்டது. விடிந்ததும் தம்பியின் காலை வெட்டி எடுக்கப்போகிறார்கள். எடுத்தாலும், ரத்தத்தில் பரவிவிட்டதால் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். அலம்பிவிட்டு மறுபடியும் போட்டார்.

குழாயை மூடாமலே, திரும்பாமலே கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்காவது கட்டி, கொப்புளம் ஏதாவது இருக்கா? ஒரே துண்டுல துடைச்சாலே ஒட்டிக்கும்."

குழாய்க்கு மேலே இருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

"இல்லப்பா" என்றேன்.

நல்லது என்று தலையை ஆட்டினார். தம்பியைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று கூப்பிட்டார்.

நீங்கள் போங்கள், பின்னாலேயே வருகிறேன் என்றேன். அவர் படியேறி மறையும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

எழுந்தால் நான் நொண்டுவது தெரிந்துவிடும்.