சிவக்காத மண்

வயல் மண்ணை நிழலில் உலர்த்தி எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள் மண் ஆய்வகத்தில். தணிகாசலம் கொண்டுபோன மண்ணை ஆய்வகப் பெண் கண்ணாடிக் குழாயில் ஒரு கரைசலோடு கலந்து வைத்தாள். மண்ணில் உயிர் இருந்தால் அதிலுள்ள நொதிகள் கரைசலைச் சிவப்பாக்குமாம். மறுநாளும் சிவக்கவில்லை. "செத்த மண்ணுங்க," என்றாள். அவன் வயலைச் செங்கல் சூளைக்கு விற்றான்.

முதல் லாரி மண்ணோடு கிளம்பியபோது மனைவி அஞ்சலை வரப்பில் வந்து நின்றாள். "மண்புழு நெளிஞ்ச மண்ணு எப்பிடிங்க செத்துச்சு?"

"சோதனையில சிவக்கல."

அவள் முகம் மாறியது. "காய வச்சுக் குடுன்னீங்க. அன்னிக்கு விடாத மழை. நான்தான் சட்டியில போட்டு நல்லா வறுத்துக் குடுத்தேன்."

இரண்டாவது லாரி பின்பக்கமாக வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் டிரைவருக்குக் கையைக் காட்டி, "வரலாம், வரலாம்," என்றான்.