அவள் பேரில் வாங்கிய மூச்சு

டாக்டரைப் பார்க்க இப்போதெல்லாம் யாரும் வாய்விட்டு நேரம் கேட்பதில்லை, கேட்டாலும் கிடைக்காது. கையிலிருக்கும் வளையல்தான் நாடியைப் பார்த்து, வேண்டுமென்றால் கேட்டு வாங்கும். யாழினியின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோதும் வளையல் பச்சையாகவே இருந்தது. நோயென்றால் அது கேட்டிருக்குமே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கேட்டுவிடுமோ என்றும் பயந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறன்று குளித்துவிட்டு வந்தபோது, கழற்றி வைத்த வளையலைக் காணோம். வாசல் கதவைத் திறந்தாள். மாடிப்படியில் அவள் கணவன் முகிலன் தொந்தி குலுங்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். வளையல் அவன் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது.

"என்னங்க கூத்து இது?"

"ஒரு வாரமா நீ நீயாவே இல்ல. என் சாம்பாரைக்கூட ஒரு குறை சொல்லல. இந்தச் சனியன் என்னடான்னா நல்லாயிருக்கேங்குது. அதான், உன் பேர்ல நான் மூச்சு வாங்குறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் வளையல் சிவந்து, நாளைக் காலை டாக்டர் பார்ப்பார் என்று அறிவித்தது.

"வாங்கிட்டேன் பாத்தியா!" என்று அவன் படியிலேயே சரிந்து உட்கார்ந்தான். "ஆமா, போய் என்னன்னு சொல்றது?"

யாழினி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வியர்த்திருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல உங்ககிட்டச் சொல்றேன்" என்றாள்.