கடைசி பெல்ட்

நடந்தது அத்தனையும் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் மீசையை எடுத்துவிடுகிறேன்.

கதவு தேய்க்கும் சின்ன சாண்டர் மிஷினில் மேஸ்திரி இறுக்கச் சொல்லி தச்சர் இறுக்கியதில், காலையிலிருந்து இரண்டு உப்புத்தாள் பெல்ட்டுகள் அறுந்துவிட்டன. மிச்சம் ஒன்றுதான். அதுவும் அறுந்தால் அவர் வேலைக்கே வேட்டு.

"இன்னும் இறுக்குய்யா!"

"வேணாம் மேஸ்திரி. விரலால அழுத்தினா கொஞ்சம் அமுங்கணும்."

"எனக்கே பாடமா?"

தச்சர் பெருமூச்சு விட்டு, போனைக் காதில் வைத்தார்.

"ஏம்மா, பெல்ட்டை இறுக்கவா, தளர்த்தவா?... அரைச் சுத்து தளர்த்தவா? சரிம்மா... அவரா? பக்கத்துலதான் நிக்கிறாரு... ஐயோ, அதை நான் எப்படிச் சொல்றது?"

"யாருய்யா?"

"என் சம்சாரம். நீங்க வெளிய போய் உக்காரணுமாம்."

வீட்டில் மனைவியிடம் மறுபேச்சே பேசிப் பழகாத மேஸ்திரி வெளியே போனார்.

தச்சர் பெல்ட்டை இறுக்கும் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினார். பெல்ட் ஓரம் விலகாமல், முனகாமல் ஓடியது. சாயங்காலம் அந்தக் கதவில் முகம் பார்த்துத்தான் மேஸ்திரி தலை வாரிக்கொண்டார்.

"இனிமே எதுன்னாலும் தங்கச்சியைக் கேட்டுட்டே செய்யுய்யா," என்றார் அலுப்போடு.

தச்சருக்குக் கல்யாணமே ஆகவில்லை.