கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

சந்தையில் ஏற்றியபோது செவலை ஆட்டுக்கு வேன் தாராளமாகத்தான் இருந்தது. அடுத்த ஊரில் வண்டிக்காரன் இன்னும் பல ஆடுகளை உள்ளே தள்ளி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா" என்றான். எவ்வளவு தன்மையான வார்த்தை என்று ஆடுகளும் அதைப் பிடித்துக்கொண்டன.

இடித்துக்கொண்டு நின்ற வெள்ளாடு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றது. கொம்பால் விலாவில் குத்திய கிடாவும் அதையே சொன்னது. தாகத்தில் கத்திய குட்டிக்கும் அதுவே பதில்.

செவலை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. ஒன்று மட்டும் மனதை அரித்தது.

"அண்ணே, நம்மளை எங்கே கூட்டிட்டுப் போறாங்க?" என்று கிடாவிடம் கேட்டது.

"எல்லாரும் பேசாமத்தானே வர்றாங்க, உனக்கு மட்டும் என்ன வந்தது? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

செவலை மூலையில் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டது.

வேன் நின்றது. கதவு திறந்ததும் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் கிடாவைக் கொம்பைப் பிடித்து இறக்கினார்கள். பிறகு வெள்ளாடு. பிறகு குட்டி. போனது எதுவும் திரும்பவில்லை.

இப்போது வேனுக்குள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. செவலை மட்டும், யாருக்கோ இடம் விட்டதுபோல, மூலையில் ஒடுங்கியே நின்றது.